கழிக்க வேண்டிய எடை

“பதினேழு!” என்று பிரேமலதா கூப்பிட்ட குரல் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியபோது, தமயந்தி தன் கையிலிருந்த அட்டைத் துண்டை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். முப்பத்தொன்று. காலையில் வாங்கியதிலிருந்து பத்துத் தடவையாவது பார்த்தாயிற்று. பார்த்துப் பார்த்து எண் மாறிவிடுமா என்ன? நடுவில் இன்னும் பதின்மூன்று பிள்ளைகள். பதின்மூன்று என்று மனத்துக்குள் சொன்னதும் நினைவு அங்கேயே முள்ளில் மாட்டிய முந்தானைபோல் நின்றது, ஏனென்றால் பத்து நாளாக அவள் கூட்டியும் கழித்தும் வந்த கணக்கின் விடையும் அதே பதின்மூன்றுதான். மடியில் பூவிழி வில்லைப்போல் பின்னுக்கு வளைந்தாள். வளைந்தவளை மார்போடு அணைத்து, முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்து மடக்கி, மறுபடி உட்கார வைத்தாள். பதினொரு வயதுப் பெண். பிறந்தபோது அழாத குழந்தை. மூளைக்கு மூச்சு எட்டாத அந்தச் சில நிமிடங்கள் அவளுடைய கையிலும் காலிலும் கழுத்திலும் நாவிலும் இன்றுவரை தங்கியிருந்தன. கூடத்தின் நடுவே, நீலத் துணி விரித்த மேசைக்கு அருகில், தரையோடு தரையாகக் கிடந்தது எடை இயந்திரம். கறுப்புக் கண்ணாடிப் பலகை, அதன் நெற்றியில் சிவந்த எண்கள். இந்த நலவாழ்வு முகாமுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நிற்க வராது. நிற்க வராத பிள்ளையை எப்படி எடை போடுவது? தாய் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பாள். இருவர் எடையும் சேர்ந்து வரும். பிறகு தாய் மட்டும் ஏறி நிற்பாள். முன்னதில் பின்னதைக் கழித்தால் பிள்ளை. இரண்டாம் வகுப்புக் கணக்கு. பிரேமலதாவின் பதிவேட்டில் அதற்கென்றே மூன்று கட்டங்கள் இருந்தன: சேர்ந்த எடை, தாய் எடை, பிள்ளை எடை. நடுக்கட்டத்தின் தலையில் ‘கழிக்க’ என்று சிவப்பு மையால் எழுதியிருந்தது. ஆனால் தாய் தனியே ஏற வேண்டுமென்றால் பிள்ளையை வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டும். கொடுத்தால் பிள்ளை விறைக்கும், வீறிடும், ஒன்று வீறிட்டால் கூடமே சேர்ந்து வீறிடும். அந்தப் பாட்டைத் தாய்மாருக்குத் தரக்கூடாதென்று, மனத்தில் கள்ளம் எதுவும் இல்லாமல், சித்திரையில் ஒரு தடவை எடுத்த தாய் எடையையே பிரேமலதா ஒவ்வொரு முகாமிலும் பார்த்து எழுதி வந்தாள். “பெரியவிங்க எடை என்னுங்கக்கா, மலையாட்டம் அங்கேயேதான் இருக்கும்” என்பாள். தமயந்தி என்கிற மலை சித்திரையில் ஐம்பத்து மூன்று கிலோ. பத்து நாளைக்கு முன், அரவை மில்காரர் தேநீர் குடிக்கப் போயிருந்த சமயத்தில், மாவு படிந்த தராசுப் பலகையில் பூவிழியைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது முள் அறுபத்தாறில் நின்றது. பூவிழியை மக்காச்சோள மூட்டையின்மேல் சாய்த்துவிட்டுத் தான் மட்டும் ஏறியபோது நாற்பத்தாறில் நின்றது. பிள்ளை இருபது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அறுபத்தாறில் ஐம்பத்து மூன்று போனால்?

போனால் பதின்மூன்று. பதின்மூன்று என்றால் சிவப்பு. சித்திரையிலும் ஆடியிலும் பத்தொன்பது என்று வந்து பச்சை அட்டை கொடுத்தார்கள். ஐப்பசியில் பதினெட்டு என்று வந்து மஞ்சள் கொடுத்தார்கள். மஞ்சளைக் கொடுத்தபோதே, இங்கே தசைப் பயிற்சி தருகிற ஜெசிந்தா மேடம் அவளைத் தனியே கூப்பிட்டு, தோளில் கைவைத்துச் சொன்னாள்: “அடுத்த தடவையும் எறங்குச்சுன்னா சிவப்பும்மா. சிவப்பு வந்தா மாவட்டத் தலைநகர்ல இருக்கற இல்லத்துல மூணு மாசம் தங்க வெச்சுப் பாப்பாங்க. டாக்டர், சாப்பாடு, எல்லாம் அங்கேயே. நல்லதுக்குத்தான், பயப்படாதீங்க.” பயப்படாதீங்க என்று சொல்கிறவர்கள் எல்லாரும் பயத்தைக் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிரசவ வார்டில் ஒருத்தி சொன்னாள். மூளைப் படம் எடுத்த இடத்தில் ஒருவன் சொன்னான். பூவிழிக்கு முதல் வலிப்பு வந்த அன்று ஆட்டோக்காரர்கூடச் சொன்னார். மேடையில் யாரோ ஒலிபெருக்கியைத் தட்டினார்கள். திட்டத்தின் அலுவலர் பேச எழுந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் திரையில் பட்டம் விட்டுக்கொண்டு ஓடுகிற ஒரு சிறுவனின் படம். எந்தப் பள்ளிக்கூடத்துக்கோ ஆயத்தம் செய்த பேச்சு. “குழந்தைகள் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாடி விளையாட வேண்டும். வேர்க்க வேர்க்க விளையாட வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் இன்றைக்குக் குழந்தைகளின் முதல் எதிரி” என்றார். கூடத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது பிள்ளைகளும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். தமயந்தியின் பக்கத்து நாற்காலியில் இருந்த நூர்ஜகான், சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த தன் மகன் அப்பாஸின் காதைப் பிடித்து, “கேட்டுக்கோடா. இனிமே பொழுதன்னிக்கும் குந்திக்கிட்டே இருந்தே, தோலை உரிச்சுப்புடுவேன்” என்றாள். பதினான்கு வயது அப்பாஸ்; தசைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டே வருகிற நோய்; வாய் மட்டும் இன்னும் அவிழவில்லை. “நீ கண்ணை மூடிக்கிட்டு நூறு எண்ணும்மா, ஓடிக் காட்டறேன்” என்றான். நூர்ஜகானின் பெரிய உடம்பு முழுவதும் குலுங்கிற்று. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தமயந்திக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு விலாவரைக்கும் இறங்கி, இடப்பக்கம் அந்த இடத்தைத் தொட்டதும், படியில் கால் தடுக்கியதுபோல் நின்றுவிட்டது.

அந்த இடம். சோப்பு வழுக்கிக்கொண்டு போகும்போது விரல் தானாகவே சுற்றிக்கொண்டு போகிற இடம். முதலில் அதைக் கண்டது அவள் விரல்கூட இல்லை, பூவிழியின் நெற்றி. எப்போதும் இடது இடுப்பில்தான் தூக்குவாள். கழுத்து நில்லாத தலை பின்னுக்குச் சாய்ந்து, சாய்ந்த வேகத்தில் முன்னுக்கு வந்து, மார்பின் கீழ்ப்பக்கத்தில் ஒரே இடத்தில் இடிக்கும். நாளைக்கு நூறு தடவை இடிக்கும். ஆனியில் ஒரு நாள் இடித்தபோது உள்ளே ஏதோ கெட்டியாக எதிர்த்து நின்றது. புள்ளை இடித்து இடித்துக் கன்றிப்போய்விட்டது என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைத்துக்கொள்ள முடிவு செய்தாளா? இடுப்பை மாற்றி, இரண்டு மாதம் வலப்பக்கமாகத் தூக்கிப் பார்த்தாள். வலப்பக்கம் பழகாத பூவிழி சோறு ஊட்டும்போதெல்லாம் புரையேறித் தவித்தாள். புளியங்கொட்டையாக இருந்தது கொட்டைப்பாக்காயிற்று. வலி மட்டும் இல்லை. வலி இருந்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பாள், வலியைச் சொல்வதற்கு வாயில் வார்த்தை இருக்கிறது. வலிக்காத ஒன்றை எப்படிச் சொல்லத் தொடங்குவது? மாதேஸ்வரனிடம் சொல்லலாம், அவன் எங்கே இருக்கிறான்? ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வண்டியில், மத்தியப் பிரதேசத்தில், ஊர்ப் பெயரை வாரத்துக்கு ஒன்றாகச் சொல்கிறான். இந்தத் தாலுகாவின் ஆண்களில் பாதிப் பேர் எங்கோ ஒரு வறண்ட நிலத்தின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டிருக்கிறார்கள். மழை இறங்கி வண்டி நின்றால்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை போனில், இரைச்சலுக்கு நடுவே, “புள்ளை எப்படி இருக்குது?” என்பான். “நல்லாருக்கறா.” “நீ?” “கொஞ்சம் அசதி.” “ஆடியில வந்துர்றேன், சாமி.” அவ்வளவுதான். ஆடிக்கு இன்னும் ஆறு மாதம். ஆறு மாதத்தில் பாக்கு என்னவாகும்? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு வாங்க ஒரு வரிசை, படம் எடுக்க ஒரு வரிசை, ஊசி போட்டுச் சதை எடுக்க ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் இருபது கிலோவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பிறகு, படு என்பார்கள். படுத்தால் இவள்? பவானியிலிருக்கிற தங்கையிடம் ஒருநாள் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தாள். “ஒரு நாள்னா வெச்சுக்கறனுங்கக்கா” என்றாள் தங்கை. பாவம், உண்மையைத்தான் சொன்னாள். ஒரு நாள் என்பது பெரிய மனசு. ஆனால் தமயந்திக்கு வேண்டியிருந்தது ஒரு நாள் அல்ல. எத்தனை நாள் என்று நினைக்கத் தொடங்கினால் எண்ணிக்கை நூறைத் தாண்டி, ஆயிரத்தைத் தாண்டி, பூவிழியின் தலை நரைக்கிற காலம்வரைக்கும் போய் இருட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

“இருபத்திரண்டு!” ஏழுபடிக் கைகழுவும் பாட்டுத் தொடங்கிவிட்டது. உள்ளங்கை தேய்ப்போம், புறங்கை தேய்ப்போம் என்று ஒரு பெண் ஒலிபெருக்கியில் பாட, கை வருகிற பிள்ளைகள் தேய்த்தார்கள். கை வராத பிள்ளைகளுக்குத் தாய்மார் தேய்த்தார்கள். தமயந்தி பூவிழியின் வலக்கையை எடுத்தாள். எப்போதும் இறுக மூடிய முட்டி. கட்டைவிரல் உள்ளே, நான்கு விரல்கள் மேலே பூட்டுப் போட்டதுபோல். அதைத் திறக்க ஒரு முறை உண்டு: மணிக்கட்டை முன்னுக்கு மடக்க வேண்டும், சுண்டுவிரலிலிருந்து தொடங்க வேண்டும், அவசரப்படக்கூடாது. திறந்தால் உள்ளங்கை வெளுத்து, ஈரமாக, புளித்த மோர் வாடையடிக்கும். காலையும் மாலையும் திறந்து, துடைத்து, காற்றாட விட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டுவைக்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் நகம் சதையில் இறங்கிவிடும். இதை உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் செய்யத் தெரியும் என்பது ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது. இப்போது அதே நினைப்பு பயமாக இருந்தது. முகிலனின் கை நினைவுக்கு வந்தது. வராமல் இருக்க அவள் எவ்வளவோ பார்த்தாள். கைகழுவும் பாட்டைக் கேட்டாள், கூரையின் ஆணிகளை எண்ணினாள், வந்துவிட்டது. முகிலன் வாசுகியின் மகன்; போன வருஷம்வரைக்கும் இதே கூடத்தில், இதே மாதிரிப் பிளாஸ்டிக் நாற்காலியில், வாசுகியின் மடியில் இருந்தவன். மாசியில் வாசுகி மஞ்சள் காமாலையில் மூன்று வாரத்தில் போய்விட்டாள். பிள்ளையை அந்த இல்லத்துக்கு அனுப்பினார்கள். பதிவேட்டில் அவன் பெயர்மேல் பிரேமலதா அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்தாள். வைகாசியில் ஜெசிந்தா மேடத்தோடு நாலைந்து தாய்மார் வேன் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார்கள். குற்றம் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. தரை கழுவியிருந்தது, கட்டில்கள் வரிசையாக இருந்தன, சமையலறையில் முட்டை வெந்துகொண்டிருந்தது, நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று ஆயாக்கள், மூவரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். முகிலன் சன்னல் ஓரத்துக் கட்டிலில் மொட்டைத் தலையோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தால், அவன் முட்டியைச் சுண்டுவிரலிலிருந்து திறந்தாள். வாடை முதலில் வந்தது. பிறகு நான்கு நகங்களும் பதிந்திருந்த நான்கு பள்ளங்கள், ஒன்றில் சீழ். அவன் அழவில்லை. திறந்த கையை, அது தன்னுடையது இல்லை என்பதுபோலப் பார்த்தான்.

இருந்தும் அங்கேதான் அனுப்பப் போகிறாள். அதுதான் பத்து நாளாக அவள் தனக்குள் எழுதி, கிழித்து, மறுபடி எழுதிய தீர்மானம். பிரேமலதா பதின்மூன்று என்று எழுதுவாள். இவள் வாயைத் திறக்கக்கூடாது. என்னை எடை போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஏழு கிலோ எங்கே என்பார்கள். மேடம் மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போய் முந்தானையை விலக்கச் சொல்வாள். அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் படுக்கை. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் சோறு போடாத தாய் என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும். சிவப்பு அட்டை பூவிழிக்கு ஒரு கட்டிலை வாங்கித் தரும். மூன்று மாதம் என்று தொடங்கும். பிறகு தாய்க்கு ஆகவில்லை என்று நீளும். தான் உயிரோடு இருக்கும்போதே போனால் வாரத்துக்கு ஒரு நாள் போய் ஆயாக்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், சுண்டுவிரலிலிருந்து தொடங்க வேண்டும் என்று, இடப்பக்கம் சாய்த்துத்தான் ஊட்ட வேண்டும் என்று. செத்த பிறகு போனால் யார் சொல்வார்கள்? இது சரி என்று தோன்றும். தோன்றிய மறுகணமே, புரட்டாசியில் அந்த ஐந்து நாள் எழுந்து வந்து எதிரே நிற்கும். எடை கூடுகிறதே, தூக்க முடியவில்லையே என்று, மத்தியானத்து முட்டையை நிறுத்தினாள். இரவில் ஒரு கரண்டி குறைத்தாள். யாருக்கும் தெரியாது. பூவிழி வாயைத் திறந்து இன்னும் என்று கரண்டியைப் பார்த்தாள்; இவள் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டி, “அவ்வளவுதான் சாமி, தீந்துபோச்சு” என்றாள். வாயால் எதுவும் சொல்ல வராத பிள்ளையிடம் பொய் சொல்வது எவ்வளவு எளிது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறாம் நாள் இரண்டு முட்டையாக வேகவைத்து ஊட்டிவிட்டு, சுவரில் தலையை இடித்துக்கொண்டாள். ஆகையால் சோறு போடாதவள் என்று இன்றைக்கு இவர்கள் சொல்லப்போவது முழுப் பொய்யும் இல்லை. செய்யாத குற்றத்துக்கு வருகிற தண்டனை, செய்த குற்றத்துக்கு ஈடாகிவிடட்டும். இப்படி நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பிடித்துக்கொள்வதற்குள் அதன் அடியிலிருந்து முகிலனின் உள்ளங்கை வாடை ஏறி வந்தது.

“முப்பது!” நூர்ஜகான் மகனைத் தள்ளிக்கொண்டு போனாள். அப்பாஸை யாராலும் தூக்கிக்கொண்டு பலகையில் ஏற முடியாது; சக்கர நாற்காலியோடு எடை போடுகிற இயந்திரம் இங்கே இல்லை. மூன்று கட்டத்திலும் பிரேமலதா ஒரு சிறு கோடு போட்டாள். “எழுதிக்கோ கண்ணு, அரிசி மூட்டை ஒண்ணுன்னு” என்றாள் நூர்ஜகான். “ரேஷன் அரிசி இல்லீங்க, பிரியாணி அரிசி” என்றான் அப்பாஸ். எல்லாரும் சிரித்தார்கள். தமயந்தி சிரிக்கிறவர்களின் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “முப்பத்தொன்று!”

முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பிள்ளையை மார்போடு ஒட்டவைத்து, மூச்சை விட்டபடி எழ வேண்டும் என்று ஜெசிந்தா மேடம் சொல்லிக் கொடுத்த முறையில்தான் எழுந்தாள். எழுந்தபோது கூடம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எட்டு அடி தூரம். பலகையின் கண்ணாடி பாதத்துக்குக் குளிர்ந்தது. எண்கள் ஓடின, எழுபது, ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்பது என்று தடுமாறின. பூவிழி ஒரு கணம் துள்ளுவதை நிறுத்தியதும் அறுபத்தாறில் நிலைத்தன. பிரேமலதா அதை முதல் கட்டத்தில் எழுதினாள். பக்கத்தைப் பின்னால் புரட்டி, ஐம்பத்து மூன்று என்று பார்த்து நடுக்கட்டத்தில் எழுதினாள். உதடு அசைந்து கழித்தது. பேனா நின்றது.

“என்னுங்கக்கா இது? பதிமூணு வருது!”

தமயந்தி சரிந்த பூவிழியை மேலே ஏற்றிக்கொண்டாள்.

“போன தடவை பதினெட்டு. அஞ்சு கிலோ எறங்கியிருக்குது. புள்ளைக்குச் சோறு போடறீங்ளா இல்லீங்ளா?” பிரேமலதாவின் குரலில் கோபத்தைவிட அழுகை அதிகம் இருந்தது. கல்யாணம் ஆகாத இருபத்து மூன்று வயதுப் பெண்; இந்தப் பிள்ளைகளுக்காக வீட்டிலிருந்து வாழைப்பழம் கொண்டுவருகிறவள். “சத்து மாவு குடுத்தமே, அதெல்லாம் யாருங்க சாப்பிடறது?”

ஒரு தாய் இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். தமயந்தி பலகையின் மேலேயே, பிள்ளையோடு, கண்ணைத் தாழ்த்தி நின்றாள். இதைத்தானே பத்து நாளாக ஒத்திகை பார்த்தது? பேசாமல் இருக்க வேண்டும். பேசாமல் இருப்பது சும்மா இருப்பதுதானே, அதில் செய்வதற்கு என்ன இருக்கிறது? பிரேமலதா பெட்டியைத் திறந்து சிவப்பு அட்டை ஒன்றை உருவினாள், பெயரை எழுதினாள், வளையமாக நூல் கோத்த அட்டையைப் பூவிழியின் மணிக்கட்டில் மாட்டுவதற்காகக் கையைப் பிடித்தாள். பிடித்தவள், வழக்கம் தெரியாமல், முட்டியைக் கட்டைவிரல் பக்கமாக இழுத்துத் திறக்கப் பார்த்தாள். பூவிழி கத்தவில்லை. உடம்பெல்லாம் இறுகி, கண்ணை மட்டும் திருப்பித் தாயைப் பார்த்தாள். சொல்ல வராத எல்லாவற்றையும் அவள் இவளிடம்தான் இப்படிப் பார்த்துச் சொல்வாள், இவளும் பதினொரு வருஷமாக வாசித்து வந்திருக்கிறாள். சன்னலோரக் கட்டிலில் முகிலன் யாரைப் பார்த்தான்? சுவரைப் பார்த்தான்.

“அப்படி இழுக்காதே, கண்ணு” என்றாள் தமயந்தி. தன் குரல் தனக்கே எங்கிருந்தோ கேட்டது. “சுண்டுவிரல்ல இருந்து திறக்கோணும்.” பிறகு, கிணற்றில் குதிக்கிறவள் கடைசியாக ஒரு தடவை மூச்சு இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு, “என்னை எடை போடு” என்றாள்.

“என்னுங்க?”

“புள்ளையை ஆரு கிட்டயாச்சும் குடுத்துட்டு ஏறறேன். என்னை மட்டும் போட்டுப் பாரு.”

நூர்ஜகான் வந்து இரண்டு கையையும் நீட்டினாள். பூவிழி கைமாறினாள். கைமாறியதும் தமயந்தியின் கைகள், பிள்ளை இருந்த அதே வளைவில், காற்றைத் தூக்கிக்கொண்டு சற்று நேரம் நின்றன. அவற்றைக் கீழே விடுவதற்கு அவள் தனியாக முயற்சி செய்ய வேண்டியிருந்தது. பலகையில் ஏறினாள். பூவிழி நூர்ஜகானின் தோளில் வீறிட்டாள். எண்கள் இந்தத் தடவை தடுமாறவே இல்லை. நாற்பத்தாறு. முடிந்தது. இனி கேட்பார்கள். ஏழு கிலோ எங்கே என்று கேட்பார்கள். சொல்லிவிட வேண்டும், ஆனியிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும், முதலில் கன்றிப்போச்சுன்னு நெனச்சனுங்க என்று தொடங்கலாம். தொடக்க வாக்கியம் கிடைத்துவிட்டது. இத்தனை மாதம் கிடைக்காத வாக்கியம் நாக்கின் நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

பிரேமலதா குனிந்து எண்ணைப் பார்த்தாள், பதிவேட்டைப் பார்த்தாள், நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அட கடவுளே, நாப்பத்தாறா! நான்தானுங்க பழசைப் பாத்து எழுதிப்போட்டேன். அப்ப அறுபத்தாறுல நாப்பத்தாறு போனா…” உதடு அசைந்தது. முகம் மலர்ந்தது. “இருவது! ஜெசிந்தா மேடம், பூவிழி இருவதுங்க! கூடித்தான் இருக்குது!”

தூரத்தில் ஒரு பிள்ளையின் காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தா தலையை நிமிர்த்தாமலே, “சூப்பர்! பச்சை குடு, கிரீடம் வெச்சு விடு” என்றாள்.

மஞ்சளிலிருந்து பச்சைக்கு ஏறுகிற பிள்ளைக்குக் கிரீடம் வைப்பது இந்த முகாமின் வழக்கம். ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டைக் கிரீடத்தைப் பூவிழியின் தலையில் வைத்தார்கள். எல்லாரும் மூன்று தடவை கை தட்டினார்கள். அலுவலர் மேடையிலிருந்து இறங்கி வந்து தமயந்தியைப் பார்த்துக் கைகூப்பி, “உங்களை மாதிரித் தாய்மார்தான் மற்றவங்களுக்கு எடுத்துக்காட்டு” என்றார். யாரோ போனில் படம் எடுத்தார்கள். சிவப்பு அட்டையைப் பிரேமலதா இரண்டாகக் கிழித்து, “மன்னிச்சுக்கோங்கக்கா, வாய் விட்டுப்புட்டேன்” என்று இவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பூவிழியைத் திருப்பிக் கொடுத்த நூர்ஜகான், “நாப்பத்தாறா! எனக்கு எண்பத்தொண்ணுல இருந்து ஒரு நூல் எறங்க மாட்டேங்குது. என்ன மருந்துடி திங்கறே, தனியாத் தின்னாம எனக்கும் சொல்லேன்” என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தமயந்தியும் சிரித்தாள்; சிரித்ததில் அந்த வாக்கியம் நாக்கின் நுனியிலிருந்து உள்ளே விழுந்துவிட்டது. இருந்தும் மேசையருகிலேயே நின்றாள். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். கேட்கத்தானே வேண்டும், எண் அங்கே எழுதியல்லவா இருக்கிறது. பிரேமலதா நடுக்கட்டத்தில் ஐம்பத்து மூன்றின்மேல் அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் நாற்பத்தாறு என்று முத்து முத்தாக எழுதினாள்.

“இனி ஒவ்வொரு தடவையும் உங்களை ஏத்தி எறக்க வேண்டியதில்லீங்கக்கா” என்றாள், நிறைவோடு. “அடுத்த முகாமுக்கு இதையே வெச்சுக்கலாம். முப்பத்திரண்டு!”

தமயந்தி நகர்ந்தாள். கூடத்தின் வாசலில், பட்டை கட்டி முடித்த ஜெசிந்தா எதிரே வந்தாள். “மேடம்…” என்றாள் தமயந்தி. “சொல்லுங்கம்மா” என்று ஜெசிந்தா நின்றாள், உண்மையாகவே நின்றாள், ஆனால் அவள் கண் பூவிழியின் கிரீடத்தின்மேல் இருந்தது, சரிந்ததை நிமிர்த்தி வைத்து, கன்னத்தைத் தட்டி, “ராணியாட்டம் இருக்கறா” என்றாள். “ஒண்ணுமில்லீங்” என்றாள் தமயந்தி. வெளியே தை மாத வெயில் முற்றத்து மணலில் வெள்ளையாகக் கிடந்தது. பேருந்து நிற்கிற இடத்துக்கு அரைக் கிலோமீட்டர். பிள்ளையை இடது இடுப்புக்கு ஏற்றிக்கொண்டாள். பத்தொன்பதாக இருந்தபோது எப்படி இருந்தது என்று நினைவில்லை, இருபது கனத்தது. அடுத்த முகாமில், வருகிற சித்திரையில், பலகை அறுபத்து மூன்று காட்டலாம், அறுபது காட்டலாம். அதில் நாற்பத்தாறைக் கழித்துவிட்டு, சோறு போடறீங்ளா என்று மறுபடி கேட்பார்கள். அப்போது தனியே ஏறி நிற்கிற தெம்பு இருக்குமா? கிரீடம் நழுவி மணலில் விழுந்தது. குனிந்தால் எழ முடியுமா என்று பார்த்தாள். பார்த்துவிட்டு, விழுந்த இடத்திலேயே விட்டு நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் பூவிழியின் தலை பின்னுக்குச் சாய்ந்து, சாய்ந்த வேகத்தில் முன்னுக்கு வந்து, பழகிய இடத்தில் இடித்தது.